ஓரக்கல் உபாசகர்

தென் கலிஃபோர்னியாவில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பின்பக்கம் போனால் மூன்று பேரைப் பார்க்கலாம். சரக்கு இறக்க வந்த லாரிக்காரர். காலி அட்டைப்பெட்டிகளை மடக்கி அடுக்கும் பையன். பிளாட்பாரத்து ஓரக்கல் முன் மண்டியிட்டு, அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும் நாற்பத்து நான்கு வயது ஆசாமி. முதல் இருவருக்கும் அதற்குச் சம்பளம் உண்டு.

மூன்றாமவர்தான் நம்மவர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவில் வேலை. அமெரிக்காவில் மணிக்கட்டு முறிந்தால் எவ்வளவு செலவு, முழங்கால் ஜவ்வு கிழிந்தால் எத்தனை மாதம் படுக்கை என்பதெல்லாம் திங்கள் முதல் வெள்ளி வரை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சனிக்கிழமை ராத்திரி தூங்கும்போது எல்லாம் மறந்துவிடும். ஞாயிறு விடிந்ததும் ஸ்கேட்போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இவர் ஒருத்தர்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். இது ஓர் இனம். பதினைந்து வயதில் பலகை மேல் ஏறி, இருபத்தெட்டில் கல்யாணம், வீட்டுக்கடன் என்று இறங்கி, நாற்பதைத் தாண்டியதும் யார் பேச்சையும் கேட்காமல் மறுபடி ஏறியவர்கள். தாடியில் நரை இருக்கும். தொப்பி நெற்றிக்கு மேலேயே நிற்கும். போட்டிருக்கும் சட்டை 1990களில் வாங்கிய அசல் ஸ்கேட்போர்டு கம்பெனிச் சட்டை. அது சுருங்கியதா, உள்ளே இருப்பவர் பெருத்தாரா என்பதில் வீட்டில் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

ஓரக்கல்லில் அப்படி என்ன இருக்கிறது? கலிஃபோர்னியாவில் ஓரக்கல்லின் நிறத்துக்குச் சட்டம் உண்டு. பச்சை அடித்திருந்தால் கொஞ்ச நேரம் வண்டி நிறுத்தலாம். மஞ்சள் என்றால் சரக்கு இறக்க, வெள்ளை என்றால் ஆள் இறக்க, நீலம் மாற்றுத்திறனாளிகளுக்கு. சிவப்பு என்றால் நிறுத்தவே கூடாது. தீயணைப்பு வண்டிக்கு வழி விட வேண்டும். இதெல்லாம் கார் வைத்திருப்பவர்களுக்கு. நம்மவர் சிவப்பை வேறு விதமாகப் படிக்கிறார். வருஷக்கணக்காகப் பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து, சிமெண்டின் சொரசொரப்பு அடங்கி, விளிம்பு வழவழவென்று ஆகியிருக்கும் கல் அது. அதன் மேல் ஒரு மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் பலகை வெண்ணெயில் இறங்கிய கத்தியாய்ப் போகும் என்பது அவர் கணக்கு.

மெழுகிலும் அளவு வேண்டும். குறைந்தால் பலகை கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும், ஆள் மட்டும் பயணத்தைத் தொடர்வார். கூடினால் பலகை பறந்துவிடும், ஆள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் மண்டியிட்டுத் தடவுகிறார். மகள் பிறந்தநாளுக்கு வாங்கி வைத்த மெழுகுவத்தி கேக் வந்த பிறகு காணாமல் போனதற்கும் இதுதான் காரணம்.

இந்த ஆட்டத்தின் அரிச்சுவடியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெருவில் எதன் மேலும் பலகையோடு ஏற வேண்டுமென்றால் முதலில் ஆலி தெரிந்திருக்க வேண்டும். வால்பக்கத்தை ஓங்கி மிதித்து, முன்காலால் பலகையை மேலே இழுத்து, கையே படாமல் எம்புவது. 1970களின் கடைசியில் ஃப்ளோரிடாவில் ஆலன் கெல்ஃபண்ட் என்ற பையன் வளைந்த சிமெண்டுக் குழிகளில் இதைச் செய்து காட்டினான். அவனுடைய பட்டப்பெயரே வித்தையின் பெயராயிற்று. 1980களின் தொடக்கத்தில் ராட்னி முல்லன் அதைச் சமதரைக்குக் கொண்டுவந்தார். அன்றைக்குப் போனதுதான், ஊரிலிருக்கும் பெஞ்சு, படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி எல்லாவற்றின் நிம்மதியும். நம்மவருக்கும் ஆலி நன்றாகவே தெரியும். முழங்காலுக்குத்தான் மறந்துபோய்விட்டது.

ஆகவே அவர் தேர்ந்தெடுத்திருப்பது ஸ்லாப்பி. இதில் எம்பவே வேண்டாம். ஓரக்கல்லை நோக்கிச் சாய்வாக வேகமெடுத்து வந்து, முன்சக்கரங்களைக் கல்லின் மேல் அறைந்து ஏற்றி, அதே மூச்சில் உடம்பின் பாரத்தை முன்னால் தள்ளினால் பின்சக்கரங்களும் மேலே வந்துவிடும். அதற்குப் பிறகு சக்கரத்துக்கு வேலையில்லை. பலகையின் அடியில் அச்சைத் தாங்கியிருக்கும் ட்ரக் என்ற உலோகப் பாகம் கல்லின் விளிம்பை உரசிக்கொண்டே போகும். கர்ர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும். பல் டாக்டரின் அறையிலிருந்து வந்தால் எழுந்து ஓடக்கூடிய சத்தம். அதைக் கேட்கத்தான் மனுஷன் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வருகிறார்.

விட்டியர் நகரத்து ஸ்கேட் பார்க்கிலிருந்து வெளியே தள்ளப்பட்ட ஜான் லுசெரோவும் அவருடைய கூட்டாளிகளும், உள்ளே பெரிய பெரிய சுவர்களில் வித்தை காட்டுகிறவர்களைக் கிண்டல் செய்வதற்காக வெளியே கார் நிறுத்துமிடத்து ஓரக்கல்லில் ஆரம்பித்ததுதான் இந்தக் கலை என்பது தலபுராணம். கேலிக்காகப் பிறந்தது நாற்பது வயதுக்காரர்களின் முழங்காலுக்கு அடைக்கலமாகிவிட்டது.

கல்லைப் பார்த்தபடி ஏறுவது நம்மவருக்குப் பழகிவிட்டது. இப்போது கற்றுக்கொண்டிருப்பது பேக்ஸைடு ஸ்லாப்பி. அதாவது கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏற வேண்டும். கல் எங்கே இருக்கிறது என்று தோளுக்கு மேலாக ஒரு கடைக்கண் பார்வை பார்க்கலாம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் குதிகாலும் நம்பிக்கையும். தயங்கினால் தீர்ந்தது. பாதி மனதோடு பாரத்தைப் பின்னால் வைத்தால் முன்சக்கரம் கல்லில் முட்டி நின்றுவிடும். பலகை நின்ற செய்தி உடம்புக்குப் போய்ச் சேர்வதற்குள் உடம்பு வேறு இடத்தில் இருக்கும்.

இத்தனைக்கும் கல்லின் உயரம் ஆறு அங்குலம். நம்மவரின் மாமியார் காய்கறிப் பையோடு, போனில் பேசிக்கொண்டே, கீழே பார்க்காமல் ஏறுகிற உயரம்.

முதல் அரைமணி நேரம் வித்தை எதுவும் நடக்காது. வித்தைக்கான உத்தேசம் மட்டும் நடக்கும். கார் டிக்கி திறக்கும். துடைப்பம், மெழுகு, முழங்கால் பட்டை, வலி மாத்திரை, நட்டு முடுக்கும் சாவி, தண்ணீர், மறுபடி வலி மாத்திரை. துடைப்பத்தால் பத்தடி தூரத்துக்குப் பெருக்குவார். வீட்டில் இதே துடைப்பத்தை அவர் கையில் பார்த்தவர் இல்லை. அப்புறம் கால் நீட்டல், இடுப்புச் சுழற்றல். பின் ஒரு பெருமூச்சு. இரண்டு தள்ளு தள்ளி வேகமாக வருவார், தோள் திரும்பும், முழங்கால் மடங்கும், கல் பக்கத்தில் வந்துவிடும். அந்த நொடியில் பலகையிலிருந்து இறங்கி நாலு தப்படி ஓடி நிற்பார். நின்றதும் சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பார், தப்பு சக்கரத்துடையது என்பதுபோல.

தப்பு சக்கரத்துடையதாக இல்லையென்றால் ஒரு கூழாங்கல்லுடையது. கூழாங்கல் அகப்படவில்லையென்றால் சூரியன் கண்ணில் அடித்திருக்கும். பிறகு சாவியை எடுத்து ட்ரக்கின் நட்டைக் கால் திருகு இறுக்குவார். ஒரு தடவை வந்து இறங்குவார். கால் திருகு தளர்த்துவார். நட்டு பழைய இடத்துக்கே வந்துவிட்டது என்பது அவருக்கும் தெரியும், நட்டுக்கும் தெரியும். ஆனாலும் "இப்ப சரியா இருக்கு" என்பார். இதில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதற்குப் பதில் ஒரு நட்டைத் திருகுவது எவ்வளவு கண்ணியமான ஏற்பாடு.

எட்டரை மணிக்குப் பையன்கள் வருவார்கள். பதினான்கு, பதினைந்து வயது. துடைப்பமும் கிடையாது, நீட்டல் மடக்கலும் கிடையாது. ஒருவன் பிஸ்கட் தின்றுகொண்டே பலகையைக் காலடியில் ஒரு சுற்றுச் சுற்றவிட்டுக் கல்லின் மேல் ஏறிப் போவான். அடுத்த தடவை நம்மவர் கல்லில் முட்டி, தரையில் மூன்று உருளல் உருண்டு, குப்பைத்தொட்டி அருகே போய்ச் சேர்ந்ததும் அதே பையன் ஓடி வருவான்.

"அடி ஒண்ணும் படலையே, சார்?"

முழங்கை அடி நாலு நாளில் ஆறிவிடும். இந்த "சார்" ஆறாது. பலகை பிடித்த பையன்கள் ஒருவரை ஒருவர் எப்படி எப்படியோ கூப்பிட்டுக்கொள்வார்கள். சார் என்பது போலீஸ்காரருக்கும் பள்ளிக்கூடத் தலைமையாசிரியருக்கும் ஒதுக்கப்பட்ட சொல்.

வயசு விஷயத்தில் அவருக்கு ஏற்கெனவே ஒரு ரணம் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஸ்கேட்போர்டிங் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. 2021 ஜூலையில் பெண்கள் ஸ்ட்ரீட் போட்டியில் தங்கம் வென்ற ஜப்பானின் மொமிஜி நிஷியாவுக்கு வயது 13. வெள்ளி வென்ற பிரேசிலின் ரைசா லியலுக்கும் 13. வெண்கலம் வென்ற ஃபுனா நகயாமாவுக்கு 16. நம்மவர் கிளெய்ம் பிரிவுக்காரர் அல்லவா, கூட்டிப் பார்த்துவிட்டார். மேடையில் நின்ற மூன்று பேரின் மொத்த வயது 42. இன்றைக்கு இவர் ஒருத்தரே அதற்கு மேல்.

அன்றிலிருந்து வயசானவர்களின் பட்டியல் ஒன்றை மனப்பாடமாக வைத்திருக்கிறார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக இறங்கிய ஆண்டி மெக்டொனால்டுக்கு 51 வயது. டோனி ஹாக் 2022இல் தொடை எலும்பை முறித்துக்கொண்டு, ஆறியதும் மறுபடி பலகை ஏறியவர். பட்டியலின் உச்சியில் இருப்பவர் எட்மண்ட் பேகன், நடிகர் கெவின் பேகனின் அப்பா, ஃபிலடெல்ஃபியாவின் பழைய நகரத் திட்ட அதிகாரி. அவர் யோசனையில் உருவான லவ் பார்க்கின் கிரானைட் விளிம்புகள் ஒரு காலத்தில் ஸ்கேட்போர்டுக்காரர்களின் புண்ணிய ஸ்தலமாக இருந்தவை. நகராட்சி அங்கே ஸ்கேட்போர்டைத் தடை செய்த பிறகு, 2002இல், தொண்ணூற்றிரண்டு வயதில், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ள, அதே பூங்காவில் பலகை மேல் ஏறிப் போய் எதிர்ப்புத் தெரிவித்தார் கிழவர். "இன்னும் நாற்பத்தெட்டு வருஷம் இருக்கு எனக்கு" என்பார் நம்மவர். மனைவி இந்தக் கணக்கைக் கேட்டு எழுந்து உள்ளே போய்விடுவார்.

மனைவியின் தரப்பையும் சொல்ல வேண்டும். பார்சிலோனாவுக்கு ஒருமுறை குடும்பத்தோடு போனார்கள். சமகாலக் கலை அருங்காட்சியகம் பார்க்கலாம் என்று யோசனை சொன்னதே நம்மவர்தான். பத்து வருஷத் தாம்பத்தியத்தில் ஓவியம் என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை என்பதால் மனைவிக்கு ஒரே பூரிப்பு. 1995இல் திறந்த கட்டடம், ரிச்சர்ட் மையர் வடிவமைத்தது, வாசலில் அகலமான சதுக்கம், கறுப்புக் கல் மேடை எல்லாவற்றையும் பற்றி வரும் வழியிலேயே பேசினார். மனைவி உள்ளே போய் இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது இவர் வாசலிலேயே நின்றுகொண்டு, உலகத்தின் பல ஊர்களிலிருந்து வந்திருந்த பையன்கள் அந்தக் கறுப்பு மேடையில் உரசிப் போவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அருங்காட்சியகத்துக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பயணத்து ஆல்பத்தில் படிக்கட்டுகளின் படங்கள் நிறைய உண்டு. குடும்பத்தின் படம் ஒன்று இருக்கிறது. அதிலும் அவர்கள் ஒரு கைப்பிடிக் கம்பியின் உயரம் தெரிவதற்காக நிறுத்தப்பட்டவர்கள்.

சினிமாவுக்குக் கூட்டிப் போனாலும் இதே கதை. கதாநாயகி பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து கண்ணீர் விடும்போது மனைவியின் காதருகே வந்து சொல்வார்: "பளிங்கு விளிம்பு. என்ன நீளம் பாரு."

திங்கட்கிழமை ஆபீஸில் அவர் நொண்டுவார். முழங்கை பலூன் மாதிரி வீங்கியிருக்கும், இடுப்பு எலும்புக்கு மேல் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு வட்டம் இருக்கும். இரண்டுக்கும் அந்த உலகத்தில் தனித்தனிச் செல்லப்பெயர்கள் உண்டு. த்ராஷர் என்ற சான் ஃபிரான்சிஸ்கோ பத்திரிகை 1981இலிருந்து வருகிறது. அதில் விழுந்து வாருகிறவர்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு, அதன் பெயரைத் தமிழில் சொன்னால் கசாப்புக் கடை ஞாபகம் வரும். ஆபீஸில் இதெல்லாம் எடுபடாது. "தோட்ட வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறார். அவருக்குப் பிரமாதமான தோட்டம் இருக்கிறது என்று சக ஊழியர்கள் நம்புகிறார்கள். குடியிருப்பது மூன்றாவது மாடி ஃபிளாட்டில். போன கிறிஸ்துமஸுக்கு எல்லோருமாகச் சேர்ந்து செடிக்கத்தரி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். அதை ஸ்கேட்போர்டின் மேல் ஒட்டும் உப்புத்தாளை வெட்டப் பயன்படுத்துகிறார்.

மகளுக்குப் பத்து வயது. அப்பாவைப் படமெடுக்கும் பொறுப்பு அவளுடையது. போன் கேமராவில் நம்மவருக்கு உள்ளூர மரியாதை இல்லை. 1995இல் வந்த சோனி விஎக்ஸ் 1000 கேமராவில் மீன்கண் லென்ஸ் மாட்டி, தரையோடு தரையாகப் படுத்து எடுத்தால்தான் படம் என்பது அவர் கட்சி. இன்றைக்கும் அதைத் தேடிப்பிடித்து வாங்குகிற இளவட்டங்கள் இருக்கிறார்கள். மகள் படுக்கத் தயாரில்லை. நின்றபடி ஐஸ்கிரீமை ஒரு கையிலும் போனை மறு கையிலும் வைத்துக்கொண்டு எடுப்பாள். வீட்டில் போட்டுப் பார்த்தால், அனல் பறக்கும் வேகத்தில் வந்ததாக நினைத்த தருணத்தில் பின்னணியில் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போகும் பாட்டி அவரை முந்திக்கொண்டு போவது தெரியும்.

மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தியைப் பற்றிய கமலி என்ற ஆவணக் குறும்படத்தை அப்பாவும் மகளும் சேர்ந்து பார்த்தார்கள். 2020இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட படம். அந்தப் பெண் கவுன் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு சரிவில் இறங்கும் புகைப்படம் உலகம் பூராவும் சுற்றியது. படம் முடிந்ததும் மகள் அப்பாவின் எண்பது டாலர் ஷூவை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

நம்மவரிடம் பிரசங்கமும் உண்டு. பையன்கள் தண்ணீர் குடிக்க உட்காரும்போது ஆரம்பிப்பார். லியோன் கதைதான் அதிகம் வரும். பிரான்ஸின் லியோன் நகரில் இருபத்தைந்து படி கொண்ட ஒரு படிக்கட்டு. அலி புலாலா என்ற ஸ்வீடன்காரர் மேலேயிருந்து பலகையோடு எம்பிக் கீழே இறங்கிவிட வேண்டும் என்று திரும்பத் திரும்ப மோதிப் பார்த்துத் தோற்றார். அவர் விழுந்ததெல்லாம் 2002இல் வந்த சாரி என்ற வீடியோவில் இருக்கிறது. வருஷங்கள் ஓடின. 2014இல் ஜாஸ் என்று பட்டப்பெயர் கொண்ட அமெரிக்கர் ஏரன் ஹோமோகி அதே படிக்கட்டுக்கு வந்தார், முழங்கால் ஜவ்வைக் கிழித்துக்கொண்டு போனார். 2015இல் திரும்பி வந்தார். இந்த முறை புலாலாவே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜாஸ் இறங்கினார், நின்றார், பலகை மேலேயே ஓடிப் போனார். இந்த இடத்தில் நம்மவரின் குரல் தழுதழுக்கும். "பதிமூணு வருஷம் ஒரு படிக்கட்டு காத்துக்கிட்டு இருந்திச்சு, தெரியுமா?" பையன்கள் தலையாட்டுவார்கள். பிறகு அவர் மெழுகை எடுத்துக்கொண்டு எழுந்து, ஆறு அங்குலக் கல்லை நோக்கிக் கம்பீரமாக நடப்பார்.

"கடைசி ஒரு தடவை" என்று மட்டும் சொல்ல மாட்டார். சொன்னால் அதில்தான் எலும்பு முறியும் என்பது இந்த இனத்தின் சாஸ்திரம். "இன்னும் ரெண்டு" என்பார். அந்த ரெண்டு முடிந்ததும் அடுத்த ரெண்டு பிறக்கும். பதினொரு மணிக்கு மாமியார் வீட்டுச் சாப்பாடு என்று போன் வரும். "கிளம்பிட்டேன்" என்பார். போன் வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டவர்போல அவ்வளவு நிதானமாகச் சொல்வார்.

போன மாதம் அது நடந்தேவிட்டது. பையன்கள் அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டார்கள். மகள் கழிவறைக்குப் போயிருந்தாள், போனும் அவளோடு போயிருந்தது. நட்டு, கூழாங்கல், சூரியன் எதன் மேல் பழி போட்டாலும் கேட்க ஆளில்லாத நேரம். தள்ளினார், தோளைத் திருப்பினார், குதிகாலில் சாய்ந்தார். முன்சக்கரம் கல்லில் அறைந்தது. வழக்கமாக இந்த இடத்தில் மூளை ஏதாவது சொல்லும். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பின்சக்கரம் தானாக மேலே வந்து உட்கார்ந்தது. கர்ர்ர்ர். முதுகுக்குப் பின்னால் கல் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிற்று என்றால் ஒரு முழம், மிஞ்சிப் போனால் ஒன்றரை முழம். பலகை தரையில் இறங்கியது, இவரும் அதன் மேலேயே இருந்தார்.

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு திரும்பினார். யாரும் இல்லை. தப்பு, ஒருத்தர் இருந்தார். கார் நிறுத்துமிடத்து செக்யூரிட்டி, கோல்ஃப் மைதான வண்டி மாதிரி ஒன்றில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். அவர் தலைக்கு மேலே இருந்த அறிவிப்புப் பலகையில் ஸ்கேட்போர்டு படம் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு கிழித்திருந்தது.

"தம்பி, இங்கே இதெல்லாம் கூடாது."

தம்பி! நம்மவருக்கு அபராதம் போட்டிருந்தாலும் கட்டியிருப்பார்.

"பாத்தீங்களா? இப்ப ஏறினதைப் பாத்தீங்கதானே?"

"பாத்தேன்." செக்யூரிட்டி கல்லை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாத்தான் இருந்திச்சு. ஆனா கொஞ்சம் குட்டை. புதன்கிழமை ஒருத்தர் வருவாரு. அந்த விளக்குக் கம்பத்துக்கிட்ட ஏறினா இந்தக் குப்பைத்தொட்டி கிட்டதான் இறங்குவாரு."

கைகள் மெல்லக் கீழே வந்தன.

"கல்லைப் பாத்துக்கிட்டா, முதுகைக் காட்டிக்கிட்டா?"

"ரெண்டு பக்கமும்."

"சின்னப் பையனா?"

"என்னைவிட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும்."

நம்மவர் மெழுகை எடுத்துக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். துடைப்பத்தைக் காருக்குள் வைத்தார். டிக்கியை மூடும்போது, பொதுவாக விசாரிப்பவர்போலக் கேட்டார்.

"புதன்கிழமை எத்தனை மணிக்கு வருவாரு?"

"ஆறரை. நான் சாப்பிடப் போற நேரம்" என்றார் செக்யூரிட்டி, வண்டியைத் திருப்பிக்கொண்டே.